தமிழ் வழியில் படித்து பி.ஜி. வந்தவர்களுக்கு: ஆங்கிலத்தில் 15 நிமிட ஆய்வு உரையைத் தயாரிக்கும் முழு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், அந்தப் பக்கம் மூணாறு, பீர்மேடு. கேரள எல்லையோரத்து இந்த ஊர்களிலெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, டிகிரியைச் சமாளித்து முடித்து, பி.ஜி. முதல் செமினாரில் வாயடைத்து நின்றுவிடும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம், ஸ்லைடில் ஆங்கிலம் என்பது இவர்கள் நிலை. மலையாளத்துக்குப் பதில் தெலுங்கைப் போட்டுக்கொண்டால் ஆந்திரத்தின் குப்பம் ஊரில் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இதை முடிக்கும்போது உங்கள் கையில் மூன்று பொருள்கள் இருக்கும்: 12 நிமிட உரை, 3 நிமிடக் கேள்வி நேரத்துக்கான தயாரிப்பு, 250 சொற்களுக்குள் ஓர் ஆய்வுச் சுருக்கம்.

பெரும்பாலும் எல்லாரும் பவர்பாயின்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். இங்கே ஸ்லைடு ஆறாவது படியில்தான் வருகிறது. படிகளை இடம் மாற்றிச் செய்தால் வேலை இரட்டிப்பாகும், ஆகவே வரிசையை மட்டும் கலைக்காதீர்கள். ஆங்கிலம் வரவில்லை என்று அழுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உண்மையில் என்ன சொல்வது என்றே முடிவாகியிருக்காது. அது முடிவாகிவிட்டால் தேவைப்படும் ஆங்கிலம் ரொம்பக் கொஞ்சம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று வாரம் ஒதுக்குங்கள். தினம் ஒரு மணி நேரம் போதும். ஆனால் நாள்கள் வேண்டும், ஏனென்றால் பேசிப் பழகுவதை ஒரே ராத்திரியில் அடைத்துவிட முடியாது.

முதலில் டிபார்ட்மென்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: கேள்வி நேரத்தோடு சேர்த்து எத்தனை நிமிடம், மதிப்பெண் எதெதற்கு எவ்வளவு, வெளியிலிருந்து எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) வருகிறாரா, வந்தால் அவருடைய துறை எது. மதிப்பெண் பிரிப்பைக் கேட்க மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை, டீச்சரிடம் நேரே கேட்கலாம். கேள்விக்குப் பதில் சொல்வதற்குத் தனி மதிப்பெண் இருந்தால், உங்கள் மூன்று வாரத்தில் ஒரு வாரம் அதற்கே போக வேண்டும்.

அப்புறம், உங்கள் தலைப்பை ஒட்டிய 5 அல்லது 6 ஆய்வுக் கட்டுரைகளை முழுசாகப் படித்திருக்க வேண்டும். முப்பது கட்டுரைகளின் சுருக்கத்தை மட்டும் மேய்ந்துவிட்டு வந்தால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பழைய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா தளம் இருக்கிறது. இலவசம்தான். மேற்கோள்களைச் சேர்த்து வைக்க ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருளை முதல் நாளே நிறுவிவிடுங்கள். கடைசி நாளில் ‘இந்த வரியை எங்கே படித்தேன்’ என்று தேடுவது கொடுமை.

ஒரு நோட்டு, பேச்சைப் பதிவு செய்யும் போன், உங்கள் துறை அல்லாத ஒரு நண்பர். இவ்வளவுதான்.

2. சொல்லப்போவதை ஒரே வாக்கியத்தில், தமிழில் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் எடுக்க வேண்டிய இடம் இதுதான். தலைப்பு வேறு, சொல்லவரும் செய்தி வேறு. ‘சித்தூர் பகுதியில் நிலத்தடி நீரின் தரம் பற்றிய ஓர் ஆய்வு’ என்பது தலைப்பு. அதைக் கேட்டவருக்கு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. நீர் நல்லதா கெட்டதா என்றுகூட அதில் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு கடைசி வரை போகலாம். வேதியியல் பி.ஜி. மாணவி ஒருத்தி, பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் குடிநீரில் ஃப்ளூரைடு (அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் வேதிப்பொருள்) அளக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு சிக்கல் இருப்பது அறிந்த விஷயம்தான். அவள் எழுத வேண்டிய வாக்கியம் இப்படி இருக்க வேண்டும்: ‘நான் பார்த்த இடங்களில், ஆழமான போர்வெல் தண்ணீரில் ஃப்ளூரைடு அனுமதித்த அளவைத் தாண்டுகிறது; அதே ஊரின் திறந்த கிணறுகளில் பெரும்பாலும் தாண்டவில்லை.’ முடிவும் ஒப்பீடும் இடமும் இதில் வந்துவிட்டன. கேட்பவருக்கு உடனே ‘ஏன்?’ என்று தோன்றும். அப்படித் தோன்றவில்லை என்றால் வாக்கியம் இன்னும் பழுக்கவில்லை.

இதை ஏன் தமிழில் எழுதச் சொல்கிறேன்? ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினால், தெரிந்த சொற்றொடர்களுக்கு ஏற்ப உங்கள் கருத்து வளைந்துகொடுக்க ஆரம்பித்துவிடும். ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’, ‘பல்வேறு காரணிகளைச் சார்ந்துள்ளது’ போன்ற வெற்று வரிகள் வந்து உட்காரும். தமிழில் அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ சொல்வதுபோல எழுதினால், வெற்று வரி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சரிபார்க்க ஒரு வழி: எழுதிய வாக்கியத்தை உங்கள் துறை அல்லாத நண்பரிடம் படித்துக் காட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து ‘நான் என்ன சொன்னேன்?’ என்று கேளுங்கள். அவர் ‘ஏதோ தண்ணீர் பத்தி’ என்றால் மறுபடி எழுதுங்கள். ‘போர்வெல் மோசம், கிணறு பரவாயில்லை’ என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

இலக்கியம், வரலாறு, வணிகம் படிப்பவர்களுக்கும் இதே கதைதான். ‘எல்லைப்புறத் தமிழ்ப் பேச்சில் மலையாளத்தின் தாக்கம்’ என்பது தலைப்பு. எந்த வயதினர், எந்தச் சூழலில், எந்த உருபை எப்படி மாற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான் செய்தி.

3. முன்னுரையை இரண்டு நிமிடத்துக்குள் அடக்குங்கள்

அறிவியல் செமினார்களில் திரும்பத் திரும்ப நடப்பது: ‘நீரின்றி அமையாது உலகு’ என்ற பொருளில் ஒரு ஸ்லைடு, பூமியில் நீரின் பரப்பு எவ்வளவு என்று ஒன்று, நீர் மாசு வகைகள் ஒன்று, ஃப்ளூரைடு என்றால் என்ன என்று இரண்டு. தன் வேலையைப் பற்றி வாயைத் திறப்பதற்குள் ஐந்து நிமிடம் முடிந்திருக்கும். எதிரில் இருப்பவர்கள் அதே துறையில் வேலை பார்க்கிறவர்கள் என்பதையே மறந்துவிடுகிறோம்.

முன்னுரைக்கு மூன்று நகர்வு போதும். ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை அலசி, இந்த அமைப்பை 1990ல் வகுத்துக் காட்டியவர் ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர். முதலில், இந்தக் களத்தில் ஏற்கெனவே தெரிந்தது என்ன. அடுத்து, அதில் எது விடுபட்டிருக்கிறது. கடைசியில், அந்த இடத்தில் நான் என்ன செய்தேன்.

நம் மாணவிக்கு இது இப்படி வரும். தெரிந்தது: பாலக்காட்டின் கிழக்குப் பகுதி நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். விடுபட்டது: தான் எடுத்துக்கொண்ட ஊர்களில் திறந்த கிணற்றையும் போர்வெல்லையும் பக்கத்தில் வைத்து யாரும் ஒப்பிடவில்லை. செய்தது: அந்த ஒப்பீடு. மூன்றுக்கும் சேர்த்து ஆறேழு வாக்கியம்.

இரண்டாவது நகர்வில் ஜாக்கிரதை. ‘இதுவரை யாருமே இதை ஆராயவில்லை’ என்று அடித்துச் சொன்னால், எக்ஸ்டர்னல் ஒரு கட்டுரையின் பெயரைச் சொல்லி உங்களை உட்கார வைத்துவிடுவார். ‘நான் படித்தவரையில், இந்த ஊர்களில் அப்படி ஓர் ஒப்பீடு இல்லை’ என்று எல்லை போட்டுச் சொல்லுங்கள். அது பணிவு காட்டுவதற்காக அல்ல, துல்லியத்துக்காக.

இன்னொன்று: ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் மாநிலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாலக்காட்டுச் சித்தூரை வெறுமனே சித்தூர் என்று மட்டும் சொன்னால் வெளியூர்க்காரர் ஆந்திரத்துச் சித்தூரை நினைத்துக்கொள்வார். எல்லையில் இருக்கும் நமக்கு இது பழகிப்போனது, அவருக்குப் பழக்கம் இல்லை.

4. ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டாம் படியில் எழுதிய வாக்கியத்தை நிரூபிக்கும் ஒரு வரைபடம் அல்லது ஓர் அட்டவணை. எட்டு வரைபடம் இருந்தாலும் ஒன்றுதான் நாயகன். மற்றவை கடைசியில், ‘கேட்டால் காட்டலாம்’ என்ற வரிசையில் நிற்கட்டும். பன்னிரண்டு நிமிடத்தில் யாராலும் எட்டு வரைபடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது.

படத்தை விளக்குவதற்கு ஒரு நிலையான வரிசை உண்டு. கிடைமட்ட அச்சில் என்ன இருக்கிறது, செங்குத்து அச்சில் என்ன, ஒரு புள்ளி எதைக் குறிக்கிறது, எந்த இடத்தைப் பார்க்க வேண்டும், அதிலிருந்து என்ன தெரிகிறது. இந்த ஐந்தையும் இதே வரிசையில் சொல்லுங்கள். புதிதாகப் பேசுகிறவர்கள் நேரே கடைசிக்குத் தாவிவிடுவார்கள். கேட்பவர் அப்போது அச்சில் எழுதியதைப் படித்துக்கொண்டிருப்பார், நீங்கள் சொன்னது காதில் விழாது.

எண்ணை அலகோடு சொல்லுங்கள். வரம்பு எது என்பதையும் சொல்லுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு. அதன்படி ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5தான். உங்கள் படத்தில் 1.5 என்ற இடத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டால் பாதி விளக்க வேலை மிச்சம். எந்த வரம்பை வைத்து ‘அதிகம்’ என்கிறீர்கள் என்று கேட்கப்படுவதற்கு முன்பே பதில் திரையில் இருக்கும்.

5. முதலில் பேசுங்கள், பிறகு எழுதுங்கள்

சரி, இப்போதுதான் ஆங்கிலம்.

போனில் பதிவைப் போட்டுவிட்டு, உங்கள் ஆய்வை மூன்று நிமிடம் தமிழில் சொல்லுங்கள். துறைச் சொற்கள் ஆங்கிலத்திலேயே வரட்டும், தடுக்காதீர்கள். கேட்டுப் பாருங்கள். எங்கே குழம்பினீர்களோ அங்கே மொழி காரணம் இல்லை, உங்களுக்கே விஷயம் தெளிவில்லை. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

அடுத்த நாள் அதே மூன்று நிமிடத்தை ஆங்கிலத்தில், எதையும் எழுதி வைக்காமல் சொல்லுங்கள். தடுமாறும், நடுவில் நிற்கும், தப்பும் வரும். பரவாயில்லை. அந்தப் பதிவைக் கேட்டு, நீங்கள் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். அதைத்தான் திருத்தப் போகிறீர்கள். இப்படி வந்த வாக்கியங்கள் உங்கள் மூச்சுக்கு ஏற்ற நீளத்தில் இருக்கும். கட்டுரையிலிருந்து எடுத்த வாக்கியமோ, மொழிபெயர்ப்புச் செயலி கொடுத்த வாக்கியமோ வாயில் நுழையாது, நடுவில் மூச்சு முட்டும்.

திருத்தும்போது கவனிக்க வேண்டிய பெரிய தப்பு ஒன்று. தமிழில் வினை கடைசியில் வரும். இடம், காலம், நிபந்தனை எல்லாம் முன்னால் அடுக்கி நிற்கும். அதே அடுக்கை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால், ‘கோடைக்காலத்தில், கிழக்கு ஊர்களில், போர்வெல்களில், காலை வேளையில்’ என்று அரை வாக்கியம் ஓடிய பிறகும் யார் என்ன செய்தார் என்று தெரியாது. யார் என்பதையும் வினையையும் முதல் ஆறேழு சொற்களுக்குள் வைத்துவிடுங்கள். இடமும் காலமும் பின்னால் வரட்டும். ‘வி கலெக்டட் வாட்டர் ஃப்ரம் போர்வெல்ஸ்’ என்று முடித்துவிட்டு, எப்போது எங்கே என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லலாம். இந்த ஒரு திருத்தத்தைச் செய்தாலே ஆங்கிலம் பாதி தெளிந்துவிடும்.

காலத்துக்கு எளிய கணக்கு: நீங்கள் செய்ததெல்லாம் இறந்த காலம், படம் காட்டுவதெல்லாம் நிகழ்காலம், எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மையும் நிகழ்காலம். இதற்கு மேல் இலக்கணத்தை இப்போது தொட வேண்டாம்.

உச்சரிப்பில் பத்துச் சொற்களை மட்டும் எடுங்கள். உங்கள் உரையில் அடிக்கடி வரும் சொற்களாக இருக்க வேண்டும். நல்ல அகராதிச் செயலி ஒன்றில் ஒலியைக் கேட்டு, எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘ஹைபாதிசிஸ்’, ‘அனாலிசிஸ்’ இரண்டிலும் அழுத்தம் இரண்டாம் அசையில். ‘டிடர்மைன்’ என்று நாம் சொல்லிப் பழகியது ‘டிடெர்மின்’. ‘ஒன்லி’க்கு முன்னால் ஒரு ‘வ்’ ஒட்டிக்கொள்வதும், ‘டெஸ்ட்’ முடிவில் ஓர் ‘உ’ ஒட்டிக்கொள்வதும் நம் நாக்கின் பழக்கம். பெரிய குற்றம் இல்லை. சொல் புரியாமல் போகும் இடத்தில் மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். கேட்கப்போகும் சாருடைய ஆங்கிலத்திலும் மலையாள வாசனை அடிக்கும், அதை யாரும் குறை சொல்வதில்லை. நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூச்சம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

நிமிடத்துக்கு 110 சொல் என்று வைத்தால் 12 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,300 சொல். நோட்டில் அதற்கு மேல் இருந்தால் இப்போதே வெட்டுங்கள், வேகமாகப் பேசிச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பதற்றத்தில் வேகம் தானாகவே கூடும், அதற்கும் இடம் வேண்டும்.

முழுசையும் மனப்பாடம் செய்யாதீர்கள். மூன்று இடத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: முதல் அரை நிமிடம், ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வரிகள், கடைசி இரண்டு வாக்கியம். மனப்பாடமான உரையில் நடுவில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் கயிறு அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்துதான் ஓட்ட வேண்டியிருக்கும். தாவும் வரிகள் மட்டும் உறுதியாக இருந்தால், எங்கே அறுந்தாலும் அடுத்த வரியைப் பிடித்து ஏறிக்கொள்ளலாம்.

6. இப்போது ஸ்லைடு

பேசி முடித்துவிட்டதால் எந்த இடத்தில் கண்ணுக்கு எது வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே மட்டும் ஸ்லைடு. பத்துக்கு மேல் போகாது.

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் மேலே ‘முடிவுகள்’ என்று எழுதாமல், அந்த முடிவையே ஒரு வாக்கியமாக எழுதுங்கள். கேட்பவர் ஒரு நிமிடம் போனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாலும் கதை புரியும். பத்தி பத்தியாக எழுதி, திரும்பி நின்று படிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். எழுத்தளவு 24க்குக் கீழே போனால் கடைசி வரிசைக்குத் தெரியாது.

தமிழ்த் துறை மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ், கல்லூரிக் கணினியில் திறக்கும்போது கோணல் மாணலாகிவிடும். யூனிகோடில் தட்டுங்கள். அதோடு பி.டி.எஃப். பிரதி ஒன்றையும் பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஆய்வுச் சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்

கருத்தரங்கக்காரர்கள் சுருக்கத்தைத்தான் முதலில் கேட்பார்கள். கேட்கட்டும். அந்தத் தேதிக்கு முன்னால் ஐந்தாம் படி வரை முடித்துவிட்டு உட்கார்ந்தால், சுருக்கம் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

பின்னணி ஒரு வாக்கியம், இடைவெளி ஒன்று, செய்த முறை இரண்டு, கிடைத்த முடிவு மூன்று, அதன் பொருள் ஒன்று. முடிவுக்குத்தான் அதிக இடம், எண்ணும் அங்கேதான் வர வேண்டும். ‘முடிவுகள் விவாதிக்கப்படும்’ என்று எழுதி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வரியைப் பார்த்ததும், வேலை இன்னும் முடியவில்லை என்று தேர்வு செய்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

சொற்களைக் கடன் வாங்கும் விஷயத்தில் விதி கண்டிப்பானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடத்துக்குத் திருத்திய பிரதியைக்கூடக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சொல்லை மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மலையாளத்திலோ தமிழிலோ இருந்ததை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுப் பெயரைக் குறிப்பிடாமல் விட்டாலும் அது திருட்டுதான், மென்பொருள் பிடிக்காவிட்டாலும்.

இங்கே தமிழ் வழி மாணவருக்கு ஒரு வசதி உண்டு. கட்டுரையின் பத்தியைப் படியுங்கள், மூடுங்கள், அதில் இருப்பதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள், அந்தத் தமிழிலிருந்து உங்கள் ஆங்கிலத்தில் எழுதுங்கள், மேற்கோளைப் போடுங்கள். நடுவில் தமிழ் வந்துவிட்டதால் மூலத்தின் வாக்கியம் உங்கள் மேல் ஒட்டாது. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் திருத்திக்கொள்வது பற்றி உங்கள் கல்லூரியின் விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். எது எப்படியானாலும், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) உங்களால் விளக்க முடியாத ஒரு வாக்கியம்கூட சுருக்கத்தில் இருக்கக் கூடாது.

அப்புறம் உங்கள் பெயர். சின்ன விஷயம்போல் தெரியும், பின்னால் தலைவலி. தமிழ்நாட்டு வழக்கில் இனிஷியல் முன்னால், கேரளத்தில் பலருக்கும் பின்னால், ஆந்திரத்தில் வீட்டுப் பெயர் முன்னால். மேற்கோள் பட்டியல்களோ கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பின்னால் போட்டீர்கள் என்றால், உங்கள் கட்டுரை அப்பா பெயரில்தான் அறியப்படும். அது உங்களுக்குச் சம்மதமா என்று முதலிலேயே முடிவு செய்து, ஒரே வடிவத்தை எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஆர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண் இலவசமாகவே கிடைக்கிறது, இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் குழம்பினாலும் எண் குழம்பாது.

8. ஒத்திகை

கண்ணாடி முன்னால் வேண்டாம், மனிதர் முன்னால் செய்யுங்கள். முதல் ஒத்திகை வேறு துறை நண்பரிடம். அவருக்குக் கதை புரிகிறதா என்று தெரியும். இரண்டாவது, மலையாளம் பேசும் வகுப்புத் தோழரிடம். எந்தச் சொல் அவர் காதுக்கு விளங்கவில்லை என்று தெரியும். மூன்றாவது, முடிந்தால் உரை நடக்கும் அதே அறையில், புரொஜெக்டரைப் போட்டு, நின்றுகொண்டு.

நேரம் தாண்டினால் முன்னுரையில் வெட்டுங்கள், அதன் பிறகு செய்முறையில். முடிவில் கை வைக்காதீர்கள். நம் பிள்ளைகள் செய்வது நேர்மாறு: நேரம் போய்விட்டதென்று முடிவை ஓட்டிவிடுவார்கள்.

9. கேள்வி நேரம்

உரை சுமாராக இருந்தாலும் கேள்வியில் நிமிர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே இதை ஒத்திகையின் பின்சேர்க்கையாக நினைக்காமல் தனி வேலையாகச் செய்யுங்கள்.

வரக்கூடிய கேள்விகளில் 12 எழுதி வையுங்கள். எந்தத் துறையானாலும் சில கேள்விகள் தவறாமல் வரும். ஏன் இந்த இடம்? ஏன் இத்தனை மாதிரி? ஏன் இந்த முறை, அதற்குப் பதில் அது ஏன் இல்லை? வேறு காலத்தில் எடுத்திருந்தால் முடிவு மாறுமா? இதனால் யாருக்கு என்ன பயன்?

மீதி உங்கள் செய்முறையின் நுணுக்கத்திலிருந்து வரும். நம் மாணவியிடம் ‘தண்ணீரை ஏன் பிளாஸ்டிக் குப்பியில் எடுத்தாய்?’ என்று கேட்கலாம். ஃப்ளூரைடு கண்ணாடியோடு வினைபுரியும், அதனால் பாலிஎத்திலீன் குப்பி. ‘மின்முனையில் (எலக்ட்ரோடில்) அளக்கும் முன் டிசாப் கரைசலை ஏன் சேர்த்தாய்?’ அது அமில கார நிலையையும் கரைசலின் மொத்த அயனி வலிமையையும் ஒரே நிலையில் வைக்கும், அலுமினியத்தோடும் இரும்போடும் கட்டுண்டிருக்கும் ஃப்ளூரைடை விடுவிக்கும். ‘போர்வெல்லில் ஏன் கூடுதல்?’ ஆழத்து நீர் ஃப்ளூரைடுக் கனிமம் கொண்ட பாறையோடு நீண்ட காலம் ஒட்டியிருக்கிறது. கால்சியம் குறைந்த நீரென்றால் ஃப்ளூரைடு வீழ்படிவாகாமல் கரைசலிலேயே தங்கிவிடும். இந்த மூன்றுக்கும் லேப் கையேட்டில் ‘அப்படிச் செய்’ என்று இருந்ததால் செய்தேன் என்று பதில் சொன்னால் மதிப்பெண் அங்கேயே போயிற்று. ஆகவே செய்முறையின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘ஏன்’ என்று எழுதி நிரப்புங்கள். கேள்விப் பட்டியல் தானாக வந்துவிடும்.

பதில் சொல்லும் வரிசை: கேள்வியை ஓரிரு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள், அதையே சுருக்கித் திருப்பிச் சொல்லுங்கள், ஆம் அல்லது இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள், பிறகு காரணம். திருப்பிச் சொல்வதில் இரண்டு லாபம். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் கேட்டவரே திருத்திவிடுவார், யோசிக்கவும் சில நொடி கிடைக்கும். காரணத்தில் தொடங்கி ஆமாம் என்பதைக் கடைசியில் வைப்பது மறுபடியும் தமிழ் வாக்கியத்தின் பழக்கம். கேட்டவர் பொறுமை இழந்துவிடுவார்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்று: எக்ஸ்டர்னல் திடீரென்று மலையாளத்தில் கேட்பார். பயப்பட ஒன்றுமில்லை. புரிந்தால் ஆங்கிலத்தில் பதில் சொல்லலாம். மரியாதைக்கு, ‘இங்கிலீஷில் பறஞ்ஞோட்டே, சார்?’ (ஆங்கிலத்தில் சொல்லட்டுமா, சார்?) என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பாதி புரிந்ததை வைத்து ஊகித்துப் பதில் சொல்லாதீர்கள். இன்னொரு முறை சொல்லும்படி கேட்பதில் தப்பில்லை. தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலக்கும் பழக்கம் நமக்கு உண்டு. கேன்டீனில் சரி, இங்கே வேண்டாம்.

தெரியாத கேள்வி வந்தால் இரண்டு வாக்கியம் போதும்: ‘ஐ டிட் நாட் டெஸ்ட் தட்.’ அடுத்து, அதைச் சோதிக்க என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று ஒரு வரி. ‘மழைக்காலத்தில் இதே கிணறுகளில் மறுபடி எடுக்க வேண்டும்’ என்பதுபோல. தெரியாததைத் தெரிந்ததுபோல் இழுத்தால் அடுத்த கேள்வி அதைவிட ஆழமாக வரும். மௌனமாக நிற்பதும் தலையைக் குனிந்து சிரிப்பதும் வேண்டாம். எதிரில் இருப்பவர் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

10. அன்றைக்கும் மறுநாளும்

அரை மணி நேரம் முன்னால் போய், உங்கள் கோப்பு அந்தக் கணினியில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு பாட்டில் தண்ணீர், தாவும் வரிகள் எழுதிய ஒரு சின்ன அட்டை. முன்னால் பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுங்கள். அவருக்கு வரும் கேள்வி பல நேரம் உங்களுக்கும் வரும்.

கேட்கப்பட்ட கேள்விகளை அன்று மாலைக்குள், எந்த மொழியில் ஞாபகம் இருக்கிறதோ அந்த மொழியில் எழுதிவிடுங்கள். ஒரு தோழரைக் குறிப்பெடுக்கச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது, மேடையில் நிற்கும்போது கேட்டதில் பாதி மறந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் ஆய்வேட்டில் எந்த அத்தியாயத்தில் பதில் சேர வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் கைடுக்கு ஒரு மின்னஞ்சல். பொருள் வரியில் உங்கள் பெயர், பாடம், எதைப் பற்றி என்பது. உள்ளே நான்கு வரி: எந்தெந்தக் கேள்வி வந்தது, எதை மாற்றப் போகிறேன், எந்தத் தேதிக்குள், அவரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தை’ என்ற தோரணையில் அரைப் பக்க முகவுரை வேண்டாம், ‘டியர் சார்’ அல்லது ‘டியர் டீச்சர்’ போதும். இணைக்கும் கோப்புக்கு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘நியூ ஃபைனல்’ என்று பெயர் வைக்காமல், உங்கள் பெயரையும் தேதியையும் போட்டு வையுங்கள். அனுப்பும் முன் கோப்பு இணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.